பதினேழின் எடை

"சரியா ஓர்மை இல்ல மேடம், மூடியப் போட்டேனா, போடலியான்னு..."

அபின் ஒரு இடத்தில் நிற்காமல் கால் மாற்றிக்கொண்டே இருந்தான். ஷைலஜா மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்த மூடி? தெளிவா சொல்லு டே."

"எலி அடைப்பு மூடி. நான் வந்த முதல் நாளு ஒரு போன் வந்துது, வெளிய போனேன். திரும்பி வந்து எண்ணினா முப்பதுல இருபத்தொம்பதுதான் இருக்கு. பதினேழாம் நம்பர் எலியக் காணல."



திருவனந்தபுரத்தின் அந்தப் பாலூட்டி ஆய்வகத்தில் பதினேழுதான் ராஜா. வயலெலிக்கு இரண்டு வருஷமே நீண்ட ஆயுள். காதில் பதினேழாம் எண் வளையம் மாட்டிய இந்த எலிக்கு நாலு வயது. மேடத்தின் கட்டுரையே அதை வைத்துத்தான். நாளை பெங்களூரிலிருந்து அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

எலிகளைக் கையில் தூக்கி எடை பார்ப்பது ஒவ்வொரு கோடையிலும் வரும் ஒரு மாணவர் மட்டுமே. மற்ற மாதங்களில் தீனி, தண்ணீர், அவ்வளவுதான். யாரும் தொடக்கூடாது என்பது மேடத்தின் சட்டம்.

"அப்போ ரெண்டு மாசமா நீ எழுதின எடை?"

"போன வருஷ நோட்டப் பாத்து எழுதினேன். வயசாகுதுல்லா, கொஞ்சம் கொஞ்சமா கொறச்சேன்."

"நல்ல புத்திதான்!"

மேடத்தின் சிபாரிசுக் கடிதம் இல்லாவிட்டால் மேல்படிப்பு இடம் போய்விடும். அது தெரிந்தேதான் அபின் வந்திருந்தான். எட்டு வாரமாக அவனுக்கு ஒழுங்கான உறக்கம் இல்லை.

மேடம் எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"கழிஞ்ச வருஷம் எடை எடுத்தது லிபியாக்கும். அவகிட்ட அதோட போட்டோ இருக்கும். வாறவங்களுக்கு அதையாவது காட்டலாம்."

லிபியை போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். கழக்கூட்டம் சாலையின் வாகன இரைச்சலுக்கு நடுவே லிபியின் குரல் உற்சாகமாக வந்தது.

"லிபி, பதினேழோட போட்டோ ஏதாவது வச்சிருக்கியா?"

லிபி ஓரமாக ஒதுங்கினாள் போல, இரைச்சல் குறைந்தது.

"மேடம்... அது நான் வந்த அன்னைக்கே ஓடிப்போச்சு. எனக்க தப்புதான். பயந்துபோயி சொல்லல."

அபின் அசையாமல் நின்றான். மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதற்கும் முந்தைய வருஷத்து மாணவனின் எண்ணைத் தேடி அழுத்தினார்.

"கிரிஷ், நான் ஷைலஜா பேசுதேன்."

"சொல்லுங்க மேடம்," என்றான் கிரிஷ். "பதினேழு விஷயமா?"