சின்ன பூட்ஸ்

எங்கள் ஊரில் வீடு மாறினால், அடுப்படியில் குடியிருக்கும் கிழத் தெய்வமான தமவோயையும் அழைத்துப்போக வேண்டும். அவர் நடக்க மாட்டார். பழைய கம்பளி பூட்ஸ் ஒன்றில் கயிறு கட்டிக் கூப்பிட்டால் ஏறிக்கொள்வார். பனியில் இழுத்துப் போகலாம்.

பெலகேயா, போன மாதம் காய்ச்சலில் இறந்த சின்ன மகளின் பூட்ஸில் கயிற்றைக் கட்டினாள்.

“அந்தக் கிழவர் இதுல எப்படிடி உக்காருவாரு?” என்றான் அவள் கணவன் யெஃபிம்.

“அவர் வந்தா வரட்டும். நீங்க கயித்தைப் பிடிங்க.”

வாசலைத் தாண்டியதும் கயிறு கனத்தது. யெஃபிம் திரும்பிப் பார்த்தான். பூட்ஸ் காலியாகத்தான் இருந்தது.

புது வீட்டில் பூட்ஸின் உட்புறம் கதகதப்பாக இருந்தது.

தெய்வத்துக்கு ரொட்டியை முழுதாகத்தான் வைக்க வேண்டும். யெஃபிம் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, அடுப்பருகே வைத்தான்.