இதோ வர்றோம்

"மத்தியானம் பூரா அப்பா கூப்பிட்டாராம். உன் காதுல விழலையா?" வேலையிலிருந்து வந்து அப்பாவை எட்டிப் பார்த்த கையோடு மனைவியிடம் பாய்ந்தான்.

"மணி அடிக்கவே இல்லைங்க. அடிச்சா ஓட மாட்டேனா?"

"நான் செஞ்ச பெட்டி பொய் சொல்லாது!"

படுத்த படுக்கையான அப்பாவுக்காக அவனே செய்த பெட்டி. அவர் செல்போனில் ஒரு பட்டனைத் தொட்டால், பெட்டிக்குள் இருக்கும் குட்டி சர்வர் சமையலறையில் மணியடிக்கும். அவர் செல்போன் திரையில் 'இதோ வர்றோம்' என்று பதில் போடும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் அப்பாவின் கட்டிலருகே வந்தான்.

"எதைத் தொட்டீங்கப்பா? தண்ணியா, மருந்தா?"

"அதைத் தொட்டாத்தான் மருமக பறந்து வந்துடுறாளே. நான் தொட்டது இது."

அவர் விரல் கடைசிப் பட்டனில் நின்றது. 'மகன்'.

ஒப்புக்கு வைத்த பட்டன் அது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று அவன் சர்வரின் புரோகிராமில் எழுதவே இல்லை. 'பிழை' என்று காட்டினால் அப்பா பயந்துவிடுவாரே என்று, எழுதாமல் விட்டதற்கெல்லாம் 'இதோ வர்றோம்' என்றே சர்வர் சொல்லும்படி வைத்திருந்தான்.

"தினமும் தொடுவேன். வர்றோம்னுதான் சொல்லுது," என்றார் அப்பா. "பாவம், உனக்கு என்ன வேலையோ."