தலைப்பக்கம்

கடலோர உணவகத்தின் மேசைகளில் மதிய வெயில் பளபளக்கிறது. பரிமாறுபவர் வறுத்த மீனை அவள் முன் வைத்துவிட்டு, "சாருக்கு என்னங்க?" என்கிறார். "அவருக்கு ஒண்ணும் வேண்டாம்," என்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் கணவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வயிற்றுக் குழாய் வழியேதான் ஆகாரம். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் சாப்பாட்டுக் கடையைத் தேடும் மனிதர். இந்தப் பயணமும் அவருடைய பிடிவாதம்தான். "எப்படியிருக்கு, சொல்லு." குரல் வெறும் காற்றாக வருகிறது. "மேல மொறுமொறுன்னு இருக்குங்க. உள்ள பஞ்சு மாதிரி. எலுமிச்சம்பழம் தாராளமாப் பிழிஞ்சிருக்காங்க." அவர் கண்களை மூடிக்கொள்கிறார். தாடை மெல்ல அசைகிறது. "உப்பு?" "ஒரு கல்லு தூக்கல்." "கடல் பக்கத்துலயே இருக்குல்ல, அள்ளிப் போட்டிருப்பான்," என்று சத்தமில்லாமல் சிரிக்கிறார். பக்கத்து மேசையில் யாரோ தட்டைப் படமெடுக்கிறார்கள். உண்மையில் அவள் நாக்கில் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. வாயில் வைத்த துண்டு வாயிலேயே நிற்கிறது. அவர் கண் திறக்குமுன் எப்படியோ விழுங்கிவிடுகிறாள். "ஏன் நிறுத்திட்ட?" என்று அவர் தட்டை மெதுவாகத் திருப்பி வைக்கிறார். "அந்தத் தலைப்பக்கத்தைச் சாப்பிடு. எனக்கு அதுதான் பிடிக்கும்."