நாற்பத்தொரு கோல்

மணிமங்கலத்துப் பெருமாள் சத்தியமாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

1991-ல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில், விளையாட்டு வீரர் கோட்டாவில் ஒரே ஒரு வேலை. அது கிடைக்காவிட்டால் ரகுவுக்குப் பேசி வைத்த பெண்ணும் கிடையாது.

"சர்வதேச ஃபுட்பால் ஸ்ட்ரைக்கரா? எத்தனை கோல்?" என்றார் மேனேஜர் புருஷோத்தமன்.

"நாப்பத்தொண்ணு சார். கொழும்புல மட்டும் ஒம்போது."

"சர்ட்டிபிகேட்?"

"வெள்ளம் அடிச்சிக்கினு பூட்ச்சு சார்."

"வெளியே பந்து இருக்கு. ஒண்ணு உதைச்சுக் காட்டு."

ரகு வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "கால இன்ஷூர் பண்ணி வெச்சிக்கீறேன் சார். சும்மா உதைச்சா செல்லாம பூடும்."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்காமல் வேலை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். "கோலை மட்டும் இருபதாக் குறைச்சுக்கோப்பா."

புருஷோத்தமன் அதே கோட்டாவில் நீச்சல் சாம்பியனாக வேலைக்குச் சேர்ந்தவர்; இன்றுவரை ஏரியில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.