மூன்று பூட்டு தொங்கிய கதவு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஒருவரை ஒருவர் நம்பாமல், மூன்று பிள்ளைகளும் அவருடைய அறைக்கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். ஒரு நாதாங்கி போதாமல் புதிதாக இரண்டு கொண்டி அடித்தார்கள். உள்ளே யாருமில்லை என்று மூவரும் பார்த்துவிட்டுத்தான் பூட்டினார்கள். அறைக்கு வேறு வாசல் கிடையாது. பாகப்பிரிவினை வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அவர்களுக்குள் பேச்சுவார்த்தையும் அற்றுப்போனது.

இன்று கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வந்த அமீனா முன்னால் அண்ணன் பிரம்மநாயகம் தன் பூட்டைத் திறந்தார். அடுத்துத் தம்பி. நடுப்பிள்ளை உலகம்மாளின் பூட்டு துருவேறியிருந்ததால் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தாள். தள்ளினால் கதவு அசையவில்லை. அண்ணன் தோள் கொடுத்தார். உள்ளே இரும்பு லொடலொடத்தது.

"உள்ளேர்ந்துல்லா தாழ்ப்பாள் போட்டிருக்கு," என்றார் அமீனா. "யாரும் இருக்காவளா?"

இது யார் செய்த வேலை என்று உலகம்மாள் அண்ணன் முகத்தில் தேடினாள், தம்பி முகத்தில் தேடினாள். அவர்களும் அவள் முகத்தில் அதையேதான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் புரியாமல் அவள் கை தானாகக் கதவைத் தட்டியது.

"அப்பா, கதவைத் தொறங்க. நாங்கதான்."

சொன்ன பிறகு, பதில் வந்துவிடுமோ என்று பயந்து, அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.