தயிரிடம் பால் கேட்ட கேள்வி

காய்ச்சி ஆறிய பாலில் நேற்றைய தயிர் ஒரு கரண்டி வந்து விழுந்தது.

"ஆடாம அசையாம இரு, பொண்ணே. நல்லா கெட்டியாயிடுவே," என்றது தயிர்.

"நான் எதுக்குக் கெட்டியாகணும்? எனக்கு ஓடத்தான் பிடிக்கும். உங்களை யார் உறைய வெச்சது?"

"முந்தாநாள் தயிர்."

"அதை?"

"அதுக்கு முந்தின தயிர்."

"முதல் தயிரை யார் உறைய வெச்சது? அதைச் சொல்லுங்க, அப்புறம் யோசிக்கிறேன்."

"அதெல்லாம் கேக்கக் கூடாது. மூடி போட்டாச்சு, பேசாம இரு."

பால் விடவில்லை, தளும்பித் தளும்பி வாதாடியது. பிறகு அலுத்துப்போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் அதில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் விட்டார்கள்.

"உங்களை யார் உறைய வெச்சது?" என்று கேட்டது புதுப் பால்.

"யாரு வைக்கணும்? நான் பொறந்ததே இப்படித்தான். நீ ஆடாம இரு, பொண்ணே."