மூவாயிரத்தில் ஒன்று

விசில் வீலென்று அலறியது. விசில் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

வாங்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்த மேடம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தாளில் சரி என்று குறித்தார்.

விசில் அண்ணன் எங்கள் தரப் பரிசோதகர். ஊதி ஊதியே அந்தப் பெயர் வந்தது. மலையேறப் போகிறவர்களுக்கு மலிவு விலையில் உயிர்காப்பு கிட் தயாரிக்கிறோம். விசில், திசைகாட்டி, கத்தி, தீக்குச்சி, போர்வை, எல்லாம் ஒரே உறையில். மூவாயிரத்துக்கு ஒன்றைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி.

எந்த ஒன்று என்று விதியில் இல்லை.

ஆகவே இரண்டு வருடமாக ஒரே கிட்டைத்தான் சோதிக்கிறோம். அண்ணனின் மேஜைமேல் சிவப்புப் பெட்டியில் இருக்கிறது.

முதல் சோதனையில் அதன் விசில் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். அண்ணன் விளையாட்டுச் சாமான் கடையில் அதே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கிப் போட்டார். திசைகாட்டி, மின்விசிறி இருக்கும் பக்கமே வடக்கு என்று அடம்பிடித்தது, மாற்றினார். கத்தி ரொட்டியிடம் தோற்றது. போர்வை மிட்டாய்த் தாள் போலக் கிழிந்தது. எல்லாவற்றையும் மாற்றினார். இப்போது அதில் எங்கள் தயாரிப்பு என்று சொல்ல உறை மட்டும்தான் மிச்சம்.

அப்படி ஒரு தரமான கிட் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைக் காட்டித்தான் மற்றதெல்லாம் பாஸ் ஆகிறது. பாஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.

ஒருமுறை ஒருவன் தன் வீட்டு ஆளுக்காக அதை இரண்டே நாள் இரவல் கேட்டான். சாம்பிள் வாசலைத் தாண்டக் கூடாது என்றார் அண்ணன்.

"எல்லாம் ஒண்ணுதான்டா. நான் ஊதிப் பாத்துட்டுதானே அனுப்புறேன்."

கேட்டவன் தலையாட்டிவிட்டு, பேக்கிங் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனே சாம்பிளை வாசல் தாண்ட வைத்தார். அவருடைய ஒரே மகன் நான்கு நாள் தனியாக மலையேறப் போகிறான். அப்பா கம்பெனி கிட் இருக்கும்போது வேறு எதற்கு என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறான். பெற்ற பிள்ளையிடம் போய் அந்த கிட்டின் லட்சணத்தை எந்த அப்பன் சொல்வான்?

சிவப்புப் பெட்டியில் இருந்ததை என் முன்னால் கொட்டினார். புது உறையில் போட்டு, சீல் வைத்து, ஸ்டிக்கரும் ஒட்டச் சொன்னார். பிரித்த சாமான் என்று பையன் நினைத்துவிடக் கூடாதாம். பெட்டிக்குள் வரிசையிலிருந்து ஒன்றைப் போட்டுவைக்கச் சொன்னார். திங்கட்கிழமை வரும்போது நல்ல விசிலாக ஒன்று வாங்கிவந்து மாற்றிவிடுவாராம். யாரிடமும் மூச்சு விடாதே என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கைகழுவப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது சீல் வைத்த கிட் தயாராக இருந்தது. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதைச் சாப்பாட்டுக் கூடைக்குள் கிடத்தி எடுத்துப்போனார்.

ஞாயிறு காலை மகன் கிளம்பிவிட்டான். இனிமேல் சிக்னல் கிடைக்காது, உங்கள் கிட் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று செய்தி அனுப்பியிருந்தான். அண்ணன் இன்றைக்கு அதை எங்கள் எல்லாருக்கும் இரண்டு தடவை படித்துக்காட்டினார்.

மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றுவிட்டார். விசிலை மாற்ற நேரமில்லை. கடையில் வாங்கியது இன்னும் அண்ணனின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கிறது. பெட்டியில் இருக்கும் ஊமையை ஊதி, நாலு இருமல் இருமி, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் வாயில் வைத்தார்.

அலறியது.

மேடம் போய்விட்டார். பேக்கிங் வரிசை ஓட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் நான்காவது தடவையாக மகனுக்கு போன் போடுகிறார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று போனில் ஒரு பெண் மரியாதையாகச் சொல்கிறாள்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

போன மாதம் என் அக்காவின் கணவரைத் தேடி மலைக்குப் போனவர்கள், அவர் கிடந்த இடத்துக்கு இருநூறடி தள்ளி இரண்டு தடவை நடந்துபோயிருக்கிறார்கள். கண்டெடுத்தபோது விசில் பல்லிடுக்கில் இருந்தது. அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். ஊதிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அக்காவுக்கே கேட்கவில்லை.

இரவல் கேட்டவன் நான்தான்.

அண்ணன் போனைக் கீழே வைத்தார்.

அடுத்த ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. நீங்க ஊதிப் பாத்துட்டுதானே அனுப்புறீங்க."